உள்ளீட்டின் நீளமும் கெர்னலின் பொறுப்பும்

கணிப்பொறியில் இயங்கும் நிரல்கள் அனைத்திற்கும் நினைவகத்தையும் கருவிகளையும் பங்கிட்டுத் தருவது, இயக்க முறைமையின் மையப் பகுதியான கெர்னலாகும். பொருளாதாரம் பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று. பற்றாக்குறையான வளத்தைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் பணியே இது. லினக்ஸில் கெர்னல் தனக்கென வைத்துக்கொள்ளும் நினைவகம், நெருக்கடி வந்தாலும் வட்டுக்கு மாற்றப்படுவதில்லை. எனவே நிரல் தரும் பெயர் எவ்வளவு நீளமாயினும் ஏற்பதென்பது அதற்கு இயலாது. கோப்பின் பெயருக்கு 255 பைட், முழுப் பாதைக்கு முடிவைக் குறிக்கும் சுழியையும் சேர்த்து 4,096 பைட் என வரம்பு விதிக்கப்பட்டுள்ளது.

இவ்வரம்பைக் காப்பது எவ்வாறு? நிரல் கூறும் நீளத்தை அப்படியே நம்பலாகாது. அதைக் கூட்டல் கழித்தல் குறியுடைய எண்ணாகக் கொண்டு, 4,096க்கு மேற்படவில்லை என்று மட்டும் சோதித்தால், எதிர்ம எண் ஒன்று எளிதில் தேறிவிடும். நகலெடுக்கும்போது அதுவே மிகப் பெரிய நேர் எண்ணாகக் கொள்ளப்பட்டு, ஒதுக்கிய இடத்திற்கு அப்பாலும் எழுத்துக்கள் பாயும். சோதித்த எண்ணை நிரலின் நினைவகத்திலிருந்து மீண்டும் படிப்பதும் ஆபத்தே. இடைப்பட்ட கணத்தில் அது மாற்றப்படக் கூடும். ஒரே முறை நகலெடுத்து, அந்நகலைச் சோதித்து, அதையே பயன்படுத்துவது முறை.

மிகுந்ததை வெட்டிவிடலாமே என்று தோன்றும். பழைய யூனிக்ஸ் அமைப்புகள் 14 எழுத்துக்கு மேற்பட்ட கோப்புப் பெயர்களை ஓசையின்றி வெட்டின. எழுத்துத் தொடரை நகலெடுக்கும் ஸ்ட்ரென்காப்பி என்ற செயற்கூறு, இடம் நிறைந்துவிட்டால் முடிவுச் சுழியையும் இடாது விட்டுவிடும். 2015இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட ஸ்ட்ரெஸ்காப்பியோ சுழியைத் தவறாது இடுவதுடன், வெட்டு நேர்ந்ததைப் பிழை எண்ணாகவும் தெரிவிக்கிறது. அதைப் பார்க்க வேண்டியவர் நிரல் எழுதுபவர், பலர் பார்ப்பதில்லை. கோப்புப் பெயரைப் பொறுத்தமட்டில், நீளம் மிகுந்தால் லினக்ஸ் மறுத்துவிடுகிறது.

இம்மறுப்பின் அருமை தமிழில் கோப்பிடும் அலுவலகங்களில் விளங்கும். ‘தமிழ்நாடு’ என்பது நம் கணக்கில் ஐந்தெழுத்து, யூ.டி.எஃப்.-8 முறையில் ஒன்பது குறியீடுகள், 27 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடுகளோ 255 பைட்டில் 85தான் அடங்கும். வட்டம், கிராமம், புல எண் என நீளும் பெயரில், ஒன்றை மற்றொன்றினின்று வேறுபடுத்தும் எண் கடைசியில் நிற்கிறது. அது ஓசையின்றி வெட்டுண்டால், இரு நிலங்களின் கோப்புகள் ஒரே பெயர் பெற்று, ஒன்றன்மேல் மற்றொன்று எழுதப்பட்டுவிடும். மறுக்கப்பட்ட எழுத்தர் பெயரைச் சுருக்கி மீண்டும் பதிவார்.