போர்க்களச் செய்தியாளரின் உடையும் கருவிகளும்: வன்னி அனுபவத்திலிருந்து ஒரு வழிகாட்டி

போர்க்களத்தில் நிற்கும் செய்தியாளர் ஒரு குடிமகன். அவர் உடுத்துவதும் சுமப்பதும் இரண்டு வேலைகளைச் செய்யவேண்டும். அவர் படையாள் அல்லர் என்பதைத் தொலைவிலேயே காட்டவேண்டும். அவரையும் அவர் பதிவுசெய்த சாட்சியத்தையும் வெளியே கொண்டுவந்து சேர்க்கவேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுடன் சென்ற செய்தியாளர்கள், பதவிச் சின்னம் இல்லாத அதிகாரிச் சீருடையில், போர்ச் செய்தியாளர் என்று பொறித்த பட்டியுடன் நடமாடினார்கள். இன்று சுயாதீனமாக இயங்குவோருக்குச் சீருடை கிடையாது. ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டின் முதலாம் மேலதிக நெறிமுறையில் 79ஆம் உறுப்புரை அவர்களைக் குடிமக்களாகவே கொள்கிறது.

2008 இறுதியில் இலங்கையின் வடக்கே வன்னியில் போர்முனை நெருங்கியபோது, கிளிநொச்சிக்கு அருகிலுள்ள உருத்திரபுரம் கிராமம் இடம்பெயர்ந்தது. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கைக்குப் போனது. சுயாதீனச் செய்தியாளர்களைப் போர்ப்பகுதிக்குள் அரசு அனுமதிக்கவில்லை. உள்ளே இருந்த உள்ளூர்ச் செய்தியாளர்கள் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்தபடியே செய்தி அனுப்பினார்கள். அவர்களில் ஒருவரான புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரி 12 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தில் செல்வீச்சில் உயிரிழந்தார். கீழே வரும் ஒழுங்கு அந்த நிலத்தையும் அந்தக் காலத்தையும் மனதில் வைத்தது.

1. ஆவணங்கள்

தேசிய அடையாள அட்டை, ஊடக அட்டை, நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றை நீர் புகாத உறையில் இட்டு மார்புப் பையில் வைக்கவேண்டும். இரத்த வகை, ஒவ்வாமை, அவசரத்தில் அழைக்கவேண்டிய இலக்கம் ஆகியவற்றை ஒரு அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி உடன் வைக்கவேண்டும். சோதனைச்சாவடியில் எந்த மொழி பேசுபவர் நிற்பார் என்று முன்கூட்டித் தெரியாது.

2. உடை

பச்சை, காக்கி, கறுப்பு, உருமறைப்புக் கோலம் எதுவும் கூடாது. வன்னிப் போரில் இரு தரப்பும் உருமறைப்பு உடையே அணிந்தன. தொலைநோக்கியில் பார்ப்பவருக்குப் பச்சைச் சேட் போதும் சந்தேகப்பட. முழுக்கைப் பருத்திச் சேட்டும் தளர்ந்த நீளக் காற்சட்டையும் நல்லவை. செயற்கை இழைத் துணி தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் உள்ளாடையும் பருத்தியாகவே இருக்கவேண்டும். கணுக்காலை மூடும், கயிறு கட்டும் சப்பாத்து வேண்டும். இராணுவச் சப்பாத்து வேண்டாம். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் வயலும் வாய்க்கால் கரையும் சேறாகிவிடும். செருப்போடு அங்கே ஓடமுடியாது.

3. கவச உடையும் தலைக்கவசமும்

கவசம் வாங்குமுன் அது எதைத் தடுக்கும் என்று கேட்கவேண்டும். அமெரிக்க தேசிய நீதி நிறுவனத்தின் பழக்கமான தரவரிசையில், 3ஏ நிலை மென்கவசம் கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். செல் சிதறல்களிடமிருந்தும் ஓரளவு காக்கும். துவக்குச் சூட்டுக்கு மார்பிலும் முதுகிலும் கடினத் தகடு வேண்டும். மூன்றாம் நிலைத் தகடு 7.62 மில்லிமீற்றர் சாதாரண ரவையையும், நான்காம் நிலைத் தகடு கவசம் துளைக்கும் ரவையையும் தடுக்கவென ஆனவை. மார்புத் தகட்டின் மேல்விளிம்பு கழுத்தெலும்புக் குழியை ஒட்டி இருக்கவேண்டும். தாழ்ந்து தொங்கினால் இதயத்தின் மேற்பகுதி வெளியே நிற்கும். வழக்கமான தலைக்கவசம் சிதறலுக்கானது. துவக்கு ரவையைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது. பாவித்த கவசம் என்றால் காலாவதித் திகதியையும், தகட்டில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

தகடுகளோடு கவசம் 10 கிலோவைத் தாண்டக்கூடும். வன்னி வெயிலில் அதைப் போட்டு நடப்பவர் வியர்த்தே சோர்ந்துபோவார். ஒவ்வொரு நாளும் ஒரு மணிநேரம் அணிந்து நடந்து பழகிய பிறகே களத்துக்குப் போகவேண்டும்.

4. அடையாளம்

நீலக் கவசத்தின் முன்னும் பின்னும் 'பிரெஸ்' என்ற ஆங்கிலச் சொல் பெரிய வெள்ளை எழுத்தில் இருப்பது உலக வழக்கம். உள்ளூர் மொழிகளிலும் எழுதிக்கொள்வது நல்லது. ஆனால் அந்த எழுத்து பகலில், மதிப்பவர் முன்னால் மட்டுமே காக்கும். அமெரிக்கச் செய்தியாளர் மேரி கொல்வின் 2001 ஏப்ரல் 16 இரவு வன்னியிலிருந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குக் கடக்கையில், தான் ஊடகவியலாளர் என்று குரல் கொடுத்தும் எறிகணைச் சிதறலில் இடக்கண்ணை இழந்தார். ஆகவே இரவில் போர்முனையைக் கடக்கக்கூடாது. செய்தியாளர்களே குறிவைக்கப்படும் இடத்தில் எழுத்தைக் கழற்றி வைக்க வசதியாக ஒட்டுப்பட்டியில் அமைக்கவேண்டும்.

5. மருந்துப்பை

இது உயிர் காக்கும் பை. கவசத்தின் இடப்புறத்திலோ வலப்புறத்திலோ, இரு கைக்கும் எட்டும்படி தொங்கவேண்டும். இரத்தத்தடுப்புப் பட்டி இரண்டு, அழுத்தக் கட்டு, காயத்துள் திணிக்கும் மருந்துத்துணி, மார்புக் காயத்தை மூடும் ஒட்டு, கையுறை, கத்தரிக்கோல், எழுதுகோல் இருக்கவேண்டும்.

கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால், காயத்துக்கு 5 முதல் 8 சென்ரிமீற்றர் மேலே, மூட்டைத் தவிர்த்து, பட்டியைச் சுற்றி இரத்தம் நிற்கும்வரை முறுக்கவேண்டும். கட்டிய நேரத்தை எழுதி வைக்கவேண்டும். மருத்துவர் வரும்வரை தளர்த்தக்கூடாது. இதை முறையாகப் பயிற்சி எடுத்து, ஒருவர்மீது ஒருவர் செய்து பழகவேண்டும்.

6. பதிவுக் கருவியும் மின்சாரமும்

கமரா சிறியதாக இருக்கட்டும். பெரிய வில்லை தொலைவில் ஆயுதம்போலத் தெரியும். நினைவக அட்டைகள் இரண்டு பிரதிகளாக, இருவரிடம் இருக்கவேண்டும்.

தொண்ணூறுகளில் எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை இருந்த வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். முற்றுகைக்குள் முதலில் அற்றுப்போவது மின்சாரம். மடிக்கும் சூரியத்தகடு, மேலதிக பற்றரி, பென்சில், கொப்பி ஆகியவை கட்டாயம்.

7. தொடர்பு

செய்மதித் தொலைபேசியின் அலையை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டறிய முடியும். சுருக்கமாகப் பேசி, உடனே அணைத்து, இடம் மாறவேண்டும். மக்கள் கூடியிருக்கும் இடத்திலோ வைத்தியசாலைக்கு அருகிலோ அதைப் பாவிக்கக்கூடாது. செய்தியாளரின் அலைவரிசை மற்றவருக்கு ஆபத்தாகிவிடக்கூடாது.

8. ஓடுபை

எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய ஒரே பை. தண்ணீர், ஜீவனி எனும் நீரிழப்புக் கரைசல் பொதி, பிஸ்கட், நுளம்புவலை, ரோச், சிறு தறப்பாள், நெருப்புப்பெட்டி, மாற்றுச் சேட். கவசத்தோடு சேர்த்து இதையும் சுமந்து 100 மீற்றர் ஓடிப் பார்க்கவேண்டும். முடியாவிட்டால் பையைக் குறைக்கவேண்டும். தண்ணீரையும் மருந்தையும் குறைக்கக்கூடாது.

9. நிலம்

எந்தச் சப்பாத்தும் மிதிவெடியைத் தடுக்காது. சனம் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகக்கூடாது. மண்டையோட்டுப் பலகை உள்ள பக்கம் போகவே கூடாது. தங்கும் இடத்தை அடைந்ததும் முதல் வேலை பங்கர் எங்கே என்று பார்ப்பது. 2009இல் வன்னி மக்கள் சேலைகளைத் தைத்து மண்மூட்டை ஆக்கி அடுக்கினார்கள். தன் கவசத்தை நம்பும் செய்தியாளரும் அந்த மண்மூட்டையையே முதலில் நம்பவேண்டும். செல் வரும் ஓசை கேட்டால் நின்று படம் எடுக்காமல் உடனே குப்புறப் படுக்கவேண்டும்.

10. திரும்பிய பின்

மென்கவசத்தை உறையிலிருந்து எடுத்து, வெயில் படாமல், மடிக்காமல் விரித்து வைக்கவேண்டும். சேலை உலர்த்துவதுபோல் கொடியில் போடக்கூடாது. குண்டோ சிதறலோ பட்ட தகட்டையும் தலைக்கவசத்தையும் மறுபடி பாவிக்கக்கூடாது. தீர்ந்த மருந்துகளை அன்றே நிரப்பி, அட்டைகளில் உள்ள பதிவுகளை வேறொரு இடத்தில் சேமிக்கவேண்டும்.