பாட்டியின் திருமணப் பத்திரம் சொல்வது என்ன?



ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அலமாரியில் பாட்டியின் திருமணப் பத்திரம் கிடைக்கிறது. அதில் உள்ள ஆண்டு 1984. அம்மாவின் பிறப்புப் பத்திரத்திலோ 1963 என்று இருக்கிறது. அப்படியானால், கல்யாணத்திற்கு முன்பே அம்மா பிறந்துவிட்டாரா?

அவசரப்பட்டு முடிவு கட்டினால் பாட்டிக்கு அநியாயம் செய்துவிடுவோம். முதலில் சட்டத்தைப் பார்ப்போம்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம், 1.3.1982இல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் உறவினர் கூடி, தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி, வழக்கப்படி நடந்த திருமணங்களையும் அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. அப்படி மணந்தவர்கள் விரும்பினால் பிறகு பதிந்துகொள்ளவும் வழி இருந்தது. எனவே 1984 என்பது பதிவு நாளாக இருக்கலாம். மணநாள் அதற்கு வெகுகாலம் முந்தியதாக இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல.

இங்கிலாந்திலும் இதே சிக்கல்

பழைய ஆங்கிலத் தேவாலயப் பதிவேடு ஒன்றில் 1720 ஏப்ரலில் திருமணம், 1720 பிப்ரவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1752க்கு முன் அங்கே சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே அந்தப் பிப்ரவரி, நம் கணக்கில் 1721. திருமணமாகிப் பத்து மாதத்தில் பிள்ளை!

வேறு சில குறிப்புகளையும் கவனியுங்கள்:

• மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கப்பட்ட திருமண அறிவிப்பு, மணக்கும் எண்ணத்தை மட்டுமே காட்டும். திருமணம் நடந்ததற்கு அது சான்றாகாது.

• 1837 ஜூலை முதல் வந்த பதிவேடுகளில் தந்தையின் பெயருக்கும் தொழிலுக்கும் தனிக் கட்டம் உண்டு. அதற்கு முந்திய படிவத்தில் அக்கட்டமே இல்லை. தந்தை பெயர் இல்லாததால் தந்தையே இல்லை என்று எண்ணக் கூடாது.

• வயதுக் கட்டத்தில் ‘முழு வயது’ என்று மட்டும் இருந்தால், 21 அல்லது அதற்கு மேல் என்று பொருள். 21 என்றே எடுத்துக்கொண்டு பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் தவறிவிடும்.

பெயரும் எழுத்தரும்

கையெழுத்துப் போடத் தெரியாதவர் அங்கே பெருக்கல் குறியிட்டார். இங்கே கைநாட்டு வைத்தார். இருவருக்குமே எழுத்தர் என்ன எழுதினார் என்று சரிபார்க்க வாய்ப்பில்லை. எழுத்தர் காதில் விழுந்ததுதான் தாளில் ஏறியது. ‘முனியாண்டி’ என்னும் பெயர் ரோமன் எழுத்தில் ஒரு பத்திரத்தில் ‘ஐ’யிலும் இன்னொன்றில் ‘ஒய்’யிலும் முடியும். அதனாலேயே அவர்கள் இரண்டு ஆட்கள் ஆகிவிட மாட்டார்கள். அதே வேளையில், பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஒரே ஆள் என்றும் சொல்லிவிட முடியாது. ஊர், தந்தை பெயர், வேலை செய்த தோட்டம் ஆகியவையும் ஒத்துவர வேண்டும்.

செய்து பாருங்கள்

வீட்டிலுள்ள பழைய பத்திரம் ஒன்றைப் பெரியவர்களின் அனுமதியோடு எடுங்கள். நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்:

1. பத்திரத்தில் உள்ளபடியே எழுதியது.
2. அதிலிருந்து நான் ஊகித்தது.
3. பாட்டி, தாத்தா சொன்னது.

இரண்டாம் பத்தியில் உள்ளதை முதல் பத்திக்கு மாற்றாதீர்கள். மூன்றும் முரண்பட்டால் எதையும் அடிக்காமல், இன்னொரு சான்றைத் தேடுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையோ, நிழற்படத்தின் பின்புறம் எழுதிய தேதியோ போதும், 1984க்கும் 1963க்கும் இடையே உள்ள முடிச்சு அவிழ்ந்துவிடும்.