கட்டணமில்லாக் கதவு

நுழையும்முன்

இணையத்தில் ஒரு சொல்லைத் தேடினால் நொடிப்பொழுதில் விடைகள் வருகின்றன. அவற்றுள் நம் தளமும் இடம்பெறப் பணம் செலுத்த வேண்டுமா? இப்பாடம் அதனை ஆராய்கிறது.

பாடம்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று ஊறுகாயும் வடகமும் செய்து விற்று வருவதாகக் கொள்வோம். அவர்கள் தங்கள் தொழிலுக்கென ஓர் இணையதளம் தொடங்குகின்றனர். சில நாள்களில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. "உங்கள் தளத்தை 1,000 தேடுபொறிகளில் பதிவு செய்து தருகிறோம். கட்டணம் 5,000 ரூபாய்" என்கிறது அது. பல நாள் உழைப்பின் பயனாகிய அத்தொகையைக் கொடுக்கலாமா?

விடை காணத் தேடுபொறி இயங்கும் முறையை அறிதல் வேண்டும். அது மூன்று பணிகளைச் செய்கிறது. முதலாவதாக, தானியங்கி நிரல்கள் ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பின்பற்றிப் புதிய பக்கங்களைக் கண்டறிகின்றன. இரண்டாவதாக, அப்பக்கங்களிலுள்ள செய்திகள் அட்டவணைப்படுத்தப்படுகின்றன. இது நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்றது. மூன்றாவதாக, ஒருவர் தேடும்போது பொருத்தமான பக்கங்கள் வரிசைப்படுத்தப்பட்டுக் காட்டப்படுகின்றன.

தொடக்கக் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1994ஆம் ஆண்டு தோன்றிய யாகூ அடைவில் மனிதர்களே தளங்களைப் பார்த்துத் தொகுத்தனர். பின்னாளில் வணிகத் தளங்களை ஆராய்ந்து சேர்க்கக் கட்டணமும் பெறப்பட்டது. 1998இல் நிறுவப்பட்ட கூகுள், இணைப்புகளைப் பின்பற்றித் தானே தளங்களைத் தேடிச் சென்றது. யாகூ அடைவு 2014ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. காலம் மாறியும், பதிவு செய்து தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்போர் மட்டும் மறையவில்லை.

இன்று ஒரு தளத்தைப் பற்றித் தேடுபொறிக்குத் தெரிவிக்கக் கட்டணம் தேவையில்லை. கூகுள் சர்ச் கன்சோல், பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ் ஆகிய இரண்டும் இலவசம். தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியலாகிய தளவரைபடத்தை உரிமையாளரே அவற்றில் அளிக்கலாம். பணம் பெற்றுக்கொண்டு தேடல் முடிவுகளில் எத்தளத்தையும் உயர்த்துவதில்லை எனக் கூகுள் அறிவித்துள்ளது. விளம்பரங்களுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அவை விளம்பரம் என்ற குறிப்புடன் தனியே காட்டப்படுகின்றன.

'1,000 தேடுபொறிகள்' என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மக்கள் பெரிதும் பயன்படுத்துபவை ஒரு சிலவே. எஞ்சியவற்றுள் பல, யாரும் பார்க்காத வெறும் இணைப்புப் பட்டியல்களாக இருக்கக்கூடும். முதலிடம் பெற்றுத் தருவோம் என்னும் உறுதிமொழியும் நம்பத்தக்கதன்று. அவ்வுறுதியை எவராலும் அளிக்க இயலாது.

அவ்வாறெனில் தளத்தின் பொருட்டுச் செலவே கூடாதா? அவ்வாறன்று. தளத்தை வடிவமைத்தல், பிழை நீக்குதல், நல்ல படங்கள் எடுத்தல் ஆகிய உண்மையான உழைப்புக்கு ஊதியம் கொடுப்பது முறையே. தாமே சில நிமிடங்களில் செய்துகொள்ளத்தக்க பதிவுக்குப் பெருந்தொகை கொடுப்பதுதான் வீண்.

அக்குடும்பத்தினர் செய்யத்தக்கவை வேறு. பண்டங்களின் பெயர், விலை, எடை, அனுப்பும் ஊர்கள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதலாம். தில்லித் தமிழர் தமிழில் தேடுவர். அண்டை வீட்டார் இந்தியில் தேடுவர். இரு மொழிகளிலும் எழுதினால் இருவரும் கண்டடைவர். பள்ளி செல்லும் மகளே தமிழ்ப் பகுதியை எழுதலாம், தளவரைபடத்தையும் அளிக்கலாம். அதன்பின் சில நாள்களோ சில வாரங்களோ பொறுத்திருத்தல் வேண்டும். திறந்து கிடக்கும் கதவுக்கு எவரும் நுழைவுக்கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

சொல்லும் பொருளும்

தானியங்கி – தானே இயங்குவது
நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுப்பு
அடைவு – வகைப்படுத்திய பட்டியல்
ஊதியம் – உழைப்புக்குரிய பணம்

பயிற்சி

அ. சரியா, தவறா எனக் கூறுக.
1. யாகூ அடைவில் தளங்களை மனிதர்கள் தொகுத்தனர்.
2. தளவரைபடம் அளிக்கக் கட்டணம் செலுத்த வேண்டும்.

ஆ. விடை எழுதுக.
1. தேடுபொறி செய்யும் மூன்று பணிகள் யாவை?
2. எவ்வகைச் செலவு முறையானது? எது வீண்? காரணம் கூறுக.

இ. செயல்பாடு
உங்கள் வீட்டில் செய்யும் பண்டம் ஒன்றைப் பற்றி, இணையதளத்திற்கு ஏற்ற வகையில் ஐந்து தொடர்கள் தமிழில் எழுதுக.