சாட்டையை மறந்தார்கள், சட்டியை மறக்கவில்லை

பாஸ்காத் திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் சிலவற்றைக் குறைக்கலாம். ஆனால் செங்கடலைக் கடந்த வரலாற்றை (யாத். 14) ஒருபோதும் விடலாகாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. அந்தக் கடலிலே புனித சின்னப்பர் ஞானஸ்நானத்தின் முன்னடையாளத்தைக் கண்டார் (1 கொரி. 10). ஆகவே, அது நமது வரலாறு.

கரையேறிய மக்கள் செய்தது என்ன? புறப்பட்டு ஒரு மாதம் சென்றதும் எகிப்தின் இறைச்சிச் சட்டிகளை நினைத்து முறுமுறுத்தார்கள் (யாத். 16). முதுகில் விழுந்த சாட்டையை மறந்தார்கள், சட்டியை மறக்கவில்லை.

நாமும் அப்படித்தான். தவக்காலம் முழுவதும் குடியை விட்டிருந்தவர் உயிர்ப்பு ஞாயிறு மாலையே போத்தலைத் தேடுகிறார். மனைவி பிள்ளைகள் வடித்த கண்ணீர் அவருக்கு மறந்துபோகிறது.

ஆயினும் முறுமுறுத்தவர்களை இறைவன் எகிப்துக்குத் திருப்பி அனுப்பவில்லை. மன்னாவைப் பொழிந்தார், அதை அன்றன்று பொறுக்கச் சொன்னார். வானினின்று இறங்கிய உயிருள்ள உணவு தாமே என்று கிறிஸ்துநாதர் அறிவித்தார் (அரு. 6). ஞானஸ்நானத்தில் ஒருமுறை பெற்ற விடுதலையை நாளாந்தச் செபத்தாலும் நற்கருணையாலும் காக்கவேண்டும். விழுந்தவர் மனந்தளராமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வரட்டும்.

இன்றிரவு குடும்பச் செபத்தில் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பின் ஒவ்வொருவரும் தம்மையே கேட்கட்டும்: நான் இன்னும் ஏங்கும் சட்டி எது?