தனியே படிப்பவருக்குப் பதில் வேண்டும்

அன்புள்ள சகோதரிக்கு,

பகலில் கடைக் கணக்கு, பிள்ளைகள் தூங்கியபின் தொலைநிலைக் கல்வி பி.காம். பாடம் என்று எழுதியிருந்தீர்கள். வீடியோ எல்லாம் கைபேசியில் இருந்தும் மூன்றாவது பாடத்தைத் தாண்ட முடியவில்லையே, எனக்குத்தான் கட்டுப்பாடு போதவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள்; குறை, பதில் சொல்ல ஆளில்லாத ஏற்பாட்டில்தான்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் முதல் மாணவர்களோடு பாடம் தொடங்கியபோது பிபிசி ஒளிபரப்புதான் பெரிதாகப் பேசப்பட்டது. படிப்பைத் தாங்கியது தபால் என்பேன். மாணவர் அனுப்பிய விடைத்தாளை ஒரு ட்யூட்டர் படித்து, மதிப்பெண்ணோடு விளக்கமும் எழுதித் திருப்பி அனுப்பினார். எந்த இடத்தில் தடுமாறுகிறோம் என்று மாணவருக்குத் தெரிந்தது. அடுத்து எதைப் படிப்பது, எதை விடுவது என்று அவரே முடிவு செய்ய முடிந்தது. சுயகற்றல் என்று நான் நம்புவது இதைத்தான். ஆளைத் தனியே விட்டுவிடுவது சுயகற்றல் ஆகாது.

இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் இணையவழிப் பாடத்துக்குப் பயன்படுத்தும் மூடில் மென்பொருளை 2002இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியமாஸ், ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் ரேடியோ வழியே பாடம் கேட்டவர். மாணவர்கள் ஒருவருக்கொருவர் எழுதி, விவாதித்துக் கற்கும் இடமாகவே அதை அவர் அமைத்தார். பல நிறுவனங்கள் அதைப் பிடிஎஃப் கோப்புகளைக் கொட்டிவைக்கும் கிடங்காக ஆக்கிவிட்டன. எனக்கு இது பெரிய வருத்தம்.

நம் நாட்டு ஸ்வயம் தளத்தில், 2017இல் தொடங்கியபோதே, வீடியோவோடு வாசிப்புப் பாடம், தன்மதிப்பீடு, ஐயம் கேட்கும் களம் ஆகியவையும் சேர்ந்திருந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் நடக்கும் என்பிடெல் படிப்புகளில் வாராவாரம் அசைன்மென்டுக்குக் கெடு உண்டு. தீபாவளி வியாபார வாரத்தில் உங்களைப் போன்றவர் என்ன செய்வார்? ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் அடிப்படைநிலை, டிப்ளமோ, பட்டம் என ஏதாவது ஒரு படியில் சான்றிதழோடு நின்றுகொள்ளலாம். அந்த இளக்கம் வாரப் பாடத்துக்கும் வரவேண்டும். தெரிந்ததைத் தாண்டிப்போக முன்தேர்வு, தப்பான விடைக்குக் காரணம், சில வாரம் சத்தமில்லாமல் போனவரைக் கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆள்: இவற்றுக்குத்தான் தொழில்நுட்பம் முதலில் உழைக்க வேண்டும்.

நீங்கள் இப்போதைக்கு வீடியோவை நிறுத்துங்கள். உங்கள் கடையின் போன மாதக் கணக்கை எடுத்து ட்ரையல் பேலன்ஸ் போட்டுப் பாருங்கள். டேலி ஆகாத இடத்தைக் குறித்து, உங்கள் பல்கலைக்கழகத்தின் கற்போர் உதவி மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். நீங்கள் கட்டிய கட்டணத்தில் அந்தப் பதிலும் சேர்த்தி. வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள்; எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்