முருங்கையைத் தறித்து வளர்த்தல்

எங்கள் வளவுகளில் கிணற்றடியிலோ வேலியோரத்திலோ ஒரு முருங்கை நிற்காத வீடு குறைவு. ஆனால் அதைக் கவனிப்பார் அரிது. கதியாலை நட்டால் தன்பாட்டில் வளரும் என்று விட்டுவிடுகிறோம். அதுவும் வளர்கிறது, கூரைக்கு மேலே! காய் உச்சியில் முற்றி வெடிக்கும், கொக்கத்தடி எட்டாது. மரமோ மென்மையானது. சென்ற மாரிக் காற்றில் எமது குசினி ஓடுகள் சில நொறுங்கியது ஒரு முருங்கைக் கொப்பினால்தான்.

உயரமாகப் போவது முருங்கையின் குற்றமன்று. நுனிக் குருத்தில் உண்டாகும் ஒட்சின் என்னும் பதார்த்தம் கீழிறங்கி, பக்க அரும்புகளை உறங்க வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அவை விழித்துக்கொள்ளும். ஒன்று நின்ற இடத்தில் நாலைந்து கொப்புகள் வரும்.

தமிழ்நாட்டில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்ற விதை முருங்கையை இப்படித்தான் வளர்க்கிறார்கள். கன்று இரண்டரை அடி வந்ததும் நுனியைக் கிள்ளுவர். காய் பறித்து முடிந்தபின் நிலத்திலிருந்து மூன்றடியில் தறிப்பர். நாலைந்து மாதத்தில் மீண்டும் காய்க்கும்.

எமது கதியால் முருங்கை பலவாண்டு நிற்பது. ஆகவே சிறிது உயர்த்தி, நெஞ்சளவில் தறிக்கலாம். கூரிய வாளால் சாய்வாக அறுங்கள். கத்தியால் கொத்தினால் பட்டை கிழியும். வெட்டுவாயில் சாணம் அப்பிவிடுவது எங்கள் முதியோர் வழக்கம். துளிர்கள் கொத்தாக வெடிக்கும்போது மனமிரங்காது, நாற்புறமும் பார்த்து நாலைந்தை மட்டும் விட்டு மற்றவற்றை ஒடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் எல்லாமே நோஞ்சானாகி முறியும். நின்றவை கைமுழ நீளமானதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். இலை மட்டும் போதுமென்போர் தொடர்ந்து கிள்ளலாம். காயும் வேண்டுமென்போர் அதன்பின் கைவைக்கக் கூடாது. புதுக் கொப்பில்தான் பூ வரும்.

காய்ப்பு ஓய்ந்தபின், மாரிக்கு முன் தறிப்பது நன்று. கொட்டும் மழையில் தறித்தால் வெட்டுவாயில் நீர் ஊறி அடிமரம் அழுகக்கூடும். மரம் பதிவாய் நின்றால் மாரியில் அடிமரத்தில் அப்பிக்கிடக்கும் மயிர்க்கொட்டியையும் ஏணியின்றி அழிக்கலாம்.

தறித்த கொப்புகளை ஆட்டுக்குப் போடுமுன், இளம் இலையில் ஒரு பிடி உருவி வையுங்கள். அன்று நண்டுக் குழம்பானால் இறக்கும்போது போடலாம்.