சிறுநீரக நோயும் தோல் அரிப்பும்

பால்மரக் காட்டில் பாடுபடுவோர்க்கு அரிப்பு புதிதன்று. கொசுக்கடியாலும் வியர்வையாலும் அஃது உண்டாகி, சில நாளில் மறையும். நெடுநாள் சிறுநீரக நோயால் வருந்துவோர் பலருக்குத் தோன்றும் அரிப்போ வேறு வகையானது. தடிப்பும் கொப்புளமும் இல்லாமலே முதுகும் கைகளும் அரிக்கும். இரவில் அது மிகுந்து உறக்கத்தைக் கெடுக்கும்.

காரணம் என்ன?

குருதியிலுள்ள கழிவுகளை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகங்களின் வேலை. அவை பழுதுற்றால் கழிவுகள் தேங்கும், பாஸ்பேட் என்னும் உப்பு மிகும், தோல் வறளும், நரம்புகளின் உணர்வும் மாறும். இவை ஒன்றுசேர்ந்து அரிப்பை உண்டாக்குகின்றன. ஆகவே, இஃது அசுத்தத்தால் வருவதன்று, பிறரைத் தொற்றுவதுமன்று. நோயாளரின் பாயையும் தட்டையும் ஒதுக்கி வைத்து அவர் மனத்தைப் புண்படுத்தலாகாது. வீட்டில் மற்றவர்க்கும் அரிப்புக் கண்டால் அது சிரங்காக இருக்கலாம். அப்போது அனைவரும் மருத்துவரைக் காணவேண்டும்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. சுடுநீரில் குளித்தலாகாது. வெதுவெதுப்பான நீரில், மணமற்ற மென்மையான சவர்க்காரமிட்டு விரைவாகக் குளிக்கவேண்டும்.

2. உடலை ஒற்றித் துடைத்து, ஈரம் முற்றும் உலருமுன் வறட்சி நீக்கும் மணமற்ற களிம்பைப் பூசவேண்டும்.

3. நகங்களை ஒட்ட வெட்டி, பருத்தி ஆடை அணியவேண்டும். அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியை வைக்கலாம். சொறிந்தால் புண்ணாகிக் கிருமி புகும்.

மருத்துவத்தில் தவறாமை

மேற்பூச்சு மட்டும் போதாது. டயாலிசிஸ் செய்துகொள்வோரில் பெரும்பாலோர்க்கு அது வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் நடைபெறும். ஒரு நாளைத் தவறவிட்டாலும், நேரம் முடியுமுன் எழுந்துவிட்டாலும் கழிவுகள் தேங்கும். பாஸ்பேட்டைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால் அதை உணவோடு சேர்த்தே உட்கொள்ளவேண்டும். நெத்திலிக் கருவாடு, டின் மீன், கறுப்பு நிறக் கோலா பானங்கள் ஆகியவற்றைக் குறைத்தல் நலம்.

ஒவ்வாமைக்கென்று கடையில் விற்கும் மாத்திரைகள் தூக்கத்தைத் தருமேயன்றி, இவ்வரிப்பைப் பெரும்பாலும் தணிப்பதில்லை. பெயரறியாத சூரணங்களோ சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடும். இவ்வரிப்புக்கேற்ற மருந்துகள் உள்ளன. அவற்றின் அளவைச் சிறுநீரகத்தின் நிலையறிந்து மருத்துவரே முடிவுசெய்தல் வேண்டும்.

“அரிப்புத்தானே” என்று எண்ணி வாளாவிருத்தல் வேண்டா. எங்கே அரிக்கிறது, எந்நேரம் மிகுகிறது, எத்தனை இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன என்பவற்றை அடுத்த முறை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள். நீங்கள் சொன்னாலன்றி அவர் அறியார்.